மஞ்சள் அங்கியும் இருநூறு மீற்றர் பத்திரமும்

என் பணிக்காலத்தில் ஒரேயொரு பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்ட எட்டாம் நாள், கரீபியன் கடலில், அந்தப் பத்திரத்தின் சொந்தக்காரரை இழுத்தெடுக்க நானே தண்ணீரில் குதிக்க வேண்டி வந்தது.

நான் வதனி. டென்மார்க்கில் ஹோர்சன்ஸிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரின் நீச்சல் மண்டபத்தில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்தேன். முதல் ஆறு வருடம் தரை கழுவினேன். கழுவிக்கொண்டே மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்தேன், பிறகு நானும் பழகினேன், பிறகு லீவ்ரெடர் ஆனேன். லீவ்ரெடர் என்றால் குளக்கரையில் விசிலோடு நின்று, ஆட்கள் தாழாமல் பார்க்கிற உயிர்காப்பாளர். கடைசிப் பத்து வருடம் வளர்ந்தவர்களுக்கு நீச்சலும் பழக்கினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் நடக்கிற சோதனையில் குளத்தின் அடியில் கிடக்கிற பாரமான பொம்மையை எப்படி மேலே கொண்டுவருவது என்று கேட்பார்கள். அது பழகினால் வந்துவிடும். பொம்மையைவிடப் பாரமானவர்கள் சொந்தக்காரர். அவர்களைப் பற்றி அந்தச் சோதனையில் ஒரு கேள்வியும் வராது என்பதால் இதை எழுதுகிறேன்.

1. குளிக்கிற பிரச்சினை

குணம் அத்தான் என் கணவரின் தமையன். முப்பது வருடம் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவர். வேறு ஒருவரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்பதை அவருக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஒரு மாரிக்கு ஹ்விடோவ்ரே என்ற இன்னொரு டேனிஷ் ஊரிலிருந்து ஒரு தமிழ்க் கூட்டம் கரீபியன் தீவுக்குப் போய்வந்தது. வெள்ளைக் கட்டமரான் படகில், முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், பெருவிரலைத் தூக்கிக்கொண்டு பதினொரு பேர் நிற்கிற படம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. அத்தான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த மாரிக்கு எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் அதே தீவுக்கு, அதே படகுச் சவாரியோடு பதிந்தாயிற்று. நானும் என் கணவரும் அதில் இருந்தோம்.

பிறகு பயண முகவரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டமரான் பக்கத்துக் குட்டித் தீவுக்குப் போகும். அங்கே பவளப்பாறைக்கு மேல் மிதந்தபடி மீன் பார்க்கலாம். இருநூறு மீற்றர் நீந்த முடியும் என்று ஒரு நீச்சல் மண்டபத்தின் பத்திரம் வைத்திருப்பவர்கள் படகிலிருந்து தாங்களாகவே குதித்து நீந்தலாம். பத்திரம் இல்லாதவர்கள் மஞ்சள் மிதவை அங்கி போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, படகு ஊழியரோடு போக வேண்டும்.

மீன் இரண்டு பேருக்கும் ஒரே மீன்தான். அத்தானுக்கு அது விளங்கவில்லை.

"மஞ்சள் அங்கியோடை நிண்டு நான் படம் எடுக்கிறதே? ஹ்விடோவ்ரேக்காரர் என்ன கதைப்பினம்? தலைவரைக் கயித்திலை கட்டி இழுத்துக்கொண்டு போகினம் எண்டெல்லோ சொல்லுவினம்!" என்றார்.

அப்படித்தான் ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் ஆட்களுக்கென்று ஒரு வகுப்புத் தொடங்கியது. என் பொறுப்பாளர் கிர்ஸ்டன் ஒரு நிபந்தனையோடு நேரம் தந்தாள். எல்லோருக்கும் உள்ள விதிதான் இவர்களுக்கும்.

முதலாவது விதி, குளத்தில் இறங்க முதல் உடுப்பு எல்லாவற்றையும் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பது. எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சிவப்பு அடையாளம் போட்ட மனிதப் படம் ஒன்று சுவரில் இருக்கும். கதவில்லாத பொது இடத்தில், வரிசையாக நின்று குளிக்க வேண்டும்.

முதல் ஞாயிறு ஐந்து ஆண்களும் மூன்று பெண்களும் வந்தார்கள். ஆண்கள் உள்ளே போய் அரை மணித்தியாலம் ஆகியும் ஒருவரும் வெளியே வரவில்லை. நான் உள்ளே போக முடியாது. கதவைத் தட்டி, "அத்தான், என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"கூட்டம் நடக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாங்கள் எல்லாரும் வீட்டிலையே வடிவாக் குளிச்சுப்போட்டுத்தான் வந்தனாங்கள். அதைத் தீர்மானமா எழுதித் தாறம்."

"அத்தான், முப்பது வருசமா பக்டறியிலை நாப்பது டேனிஷ்காரரோடை நிண்டு குளிச்சனீங்கள்தானே?"

"அது டேனிஷ்காரர். இது எங்கடை ஆக்கள். நாளைக்குக் கோயில்லை முகத்தைப் பாக்க வேண்டாமே?"

அதற்கு எங்கள் விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. கடைசியில் திரை போட்ட ஒரேயொரு தனி அறை இருந்ததால், ஒவ்வொருவராகப் போய்க் குளிப்பதென்று முடிவானது. ஐந்து பேர் குளித்து முடிய வகுப்பில் பதினைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. கிர்ஸ்டன் தூரத்தில் கோப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழர் மிகவும் சுத்தமான ஆட்கள் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

பெண்கள் பக்கம் வேறு பிரச்சினை. தலையில் தேங்காயெண்ணெய். எண்ணெயோடு இறங்கினால் பில்டர் அடைத்துக்கொள்ளும். இரண்டு பேரை இரண்டு முறை தலை முழுக வைத்தேன். மூன்றாவது ஆள் அத்தானின் மனைவி புஸ்பமக்கா. அவர் நீந்த வரவில்லை. அத்தானின் துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வந்தவர்.

2. நோட்டுக் கொப்பி

அத்தான் குளத்துக்கு நோட்டுக் கொப்பியோடு வந்தார். நனையாமல் பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தார். பிள்ளைகளைக் கணக்கு ரியூசனுக்கும் தமிழ் வகுப்புக்கும் இருபது வருடம் ஏற்றி இறக்கியவர். எந்தப் படிப்பும் கொப்பியில்தான் தொடங்கும் என்று நம்பினார்.

"முதல் தியறியைச் சொல்லும். தண்ணிக்குப் பிறகு போவம்."

"தியறி இல்லை அத்தான். முகத்தைத் தண்ணிக்குள்ளை வைச்சு மூச்சை விடுங்கோ. குமிழி வரும். அவ்வளவுதான்."

"எத்தினை குமிழி?"

அவர் எழுதினார். கை எந்தக் கோணத்தில் போக வேண்டும், கால் எத்தனை தரம் அடிக்க வேண்டும் என்று படம் கீறினார். போன வருடக் கேள்வித்தாள் இருக்கிறதா என்றும் ஒருநாள் கேட்டார். வீட்டில் பேசினில் தண்ணீர் நிரப்பி மூச்சுப் பழகினார். அதைக் கண்ட அவருடைய மகள், "ஃபா, டு கேன் யோ இக்கெ ஸ்வொம்ம," என்று டேனிஷில் சொன்னாளாம். அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியாதே என்று அர்த்தம். அவள் இங்கே பிறந்தவள். உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறார்கள்.

பத்து ஞாயிறு முடிய அத்தான் ஒரு நீளம் நீந்தினார். இருபத்தைந்து மீற்றர். அதன் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் பிழைகளைத் திருத்துவார்.

புஸ்பமக்கா மூன்றாம் ஞாயிறு தண்ணீருக்குள் வந்தார். துவாயோடு சும்மா நிற்கிறாரே என்று காலை மட்டும் உள்ளே வைக்கச் சொன்னேன். கால் போனது, இடுப்புப் போனது. ஆறாம் ஞாயிறு அவருடைய பிடரிக்குக் கீழே என் கையைக் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தேன். கையை எடுத்தேன். அவர் மிதந்தார். கண் கூரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தது. பயந்துவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன்.

"வதனி, காது தண்ணிக்குள்ளை போட்டுது," என்றார் மெதுவாக. "ஒருத்தற்றை சத்தமும் கேக்கேல்லை. என்ன சுகமடி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்டது அந்த மிதப்பு ஒன்றைத்தான். நீந்தப் பழக்குகிறேன் என்றால், "எனக்குப் பத்திரம் வேண்டாம். அங்கை போய் அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு மிதப்பன்," என்று சொல்லிவிட்டார். பழக வந்த எல்லோரிலும் கெட்டிக்காரி அவர்தான். ஆனால் அவருக்குக் கொடுக்க என்னிடம் பத்திரம் இருக்கவில்லை.

இருநூறு மீற்றரை மூன்று பேர் முறையாக நீந்தி முடித்தார்கள். மற்றவர்கள் மஞ்சள் அங்கிக்குச் சம்மதித்தார்கள். அத்தான் மட்டும் சம்மதிக்கவில்லை.

3. கிராமசேவகர்

பயணத்துக்கு முந்தின ஞாயிறு. மறுநாள் பத்திரங்களை அனுப்ப வேண்டும். பின்னேரம் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் புஸ்பமக்கா சுட்ட ரோல்ஸ். முப்பது வருடத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவந்ததில்லை. ரோல்ஸைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. என் கணவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், அவர் உடனே தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி பார்க்கத் தொடங்கினார். அவருக்கு அந்த விளையாட்டில் ஒரு விருப்பமும் இல்லை.

"வதனி, நீர் எனக்கு அந்தக் கடுதாசியைப் போட்டுத் தாரும்."

"அத்தான், நீங்கள் இருபத்தைஞ்சு மீற்றர்தான் நீந்தினனீங்கள்."

"எட்டுத் தரம் நீந்தினா இருநூறுதானே? நான் பத்து ஞாயிறு நீந்தியிருக்கிறன். கூட்டிப் பாரும், கூடவாத்தான் வரும்."

"ஒரேயடியா நீந்த வேணும் அத்தான்."

அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "ஊரிலை கிராமசேவகர் நன்னடத்தைப் பத்திரம் தந்தவரெல்லோ? அவர் என்ரை நடத்தையை எப்ப பாத்தவர்? தகப்பன்ரை பேரைக் கேட்டார், போட்டுத் தந்தார். அந்தப் பத்திரத்தோடைதான் நான் வெளிக்கிட்டனான். இண்டைக்கு வரைக்கும் ஏதும் பிழை நடந்ததே? ஒரு பத்திரம் எண்டா அது நல்ல மனத்தோடை குடுக்கிறது."

"இது வேறை அத்தான். இது தண்ணி."

"நான் குதிக்கப் போறனே? சும்மா இரும். ஏணியிலை நிண்டு ஒரு படம் எடுத்துப்போட்டு ஏறிடுவன். மஞ்சள் அங்கி மட்டும் வேண்டாம். குடும்பத்துக்குள்ளை ஒரு கையெழுத்து. தம்பி, நீ ஒண்டும் சொல்லேல்லை?"

தம்பி பனிச்சறுக்கைப் பார்த்தபடி, "அண்ணை கேக்கிறார்," என்றார். அதோடு அவருடைய உதவி முடிந்தது.

இந்த இடத்தில் எனக்கு நானே சொன்ன சமாதானத்தையும் எழுத வேண்டும். குளத்திலேயே ஒரு நீளம் முடிய சுவரைப் பிடிக்கிற மனிதர், கடலில் குதிக்கவே மாட்டார் என்று நினைத்தேன். முடியாது என்று சொன்னால் எத்தனை கலியாண வீடுகளில் எத்தனை வருடம் என் பெயர் அடிபடும் என்றும் நினைத்தேன். உண்மையில் இரண்டாவதுதான் காரணம். அடுத்த நாள் காலை, மண்டபத்தின் முத்திரை இருக்கிற மேசை லாச்சியை என்னிடமிருந்த திறப்பைப் போட்டுத் திறந்தேன். நான்கு பத்திரத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மெய், ஒன்று பொய். மையில் வித்தியாசம் தெரியவில்லை.

அத்தான் தன்னுடையதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அசலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். புதன்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் அவர் கதைத்ததைக் கேட்டேன். சோடா குடிக்கும்போது, "வதனி ஒரு பத்திரம் தந்தவ," என்றார். சாப்பிடும்போது, "நான் ஒரு பத்திரம் எடுத்தனான்," என்றார். கேக் வெட்டி முடிய, "இருநூறு மீற்றர் நீந்தேக்கை கடைசி அம்பதுதான் கஷ்டம்," என்று ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பயந்திருக்க வேண்டும்.

4. மஞ்சள் அங்கி

அந்தத் தீவு ஒரு காலத்தில் டென்மார்க்கிடம் இருந்தது. இன்றும் சில தெருக்களில் டேனிஷ் பெயர்ப் பலகை இருக்கிறது. பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து வந்து, எங்கள் ஊரில் உள்ள அதே தெருப்பெயருக்கு முன்னால் நின்று எங்கள் ஆட்கள் படம் எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை படகு. இரண்டு உடல், நடுவில் வலை, பெரிய வெள்ளைப் பாய். கட்டுமரம் எங்கள் சொல் என்று கப்டனுக்குச் சொல்ல வேண்டாமென்று நான் முதலே எல்லோரையும் கேட்டிருந்தேன். மூன்று பேர் சொன்னார்கள். அவர் மூன்று தரமும் முதல் தரம் கேட்பதுபோல ஆச்சரியப்பட்டார். நல்ல மனிதர்.

பவளப்பாறைக்குப் பக்கத்தில் படகைக் கட்டினார்கள். முதலில் மஞ்சள் அங்கிக்காரர் இறங்கினார்கள். புஸ்பமக்கா கயிற்றைப் பிடித்தார், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார், அதன் பிறகு அவர் எங்களை மறந்துவிட்டார். மஞ்சள் முதுகு மட்டும் தெரிந்தது. நீல மீன் ஒன்று தன் கைவிரலை வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்.

கப்டன் பட்டியலை எடுத்தார். "மிஸ்டர் குணரத்தினம்! டூ ஹண்ட்ரட் மீற்றர்ஸ்! வெரி குட், சேர். யூ ஃபர்ஸ்ட்!"

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கினார்கள். அத்தான் படகின் பின்படியில், காலில் துடுப்புச் சப்பாத்தோடு நின்றார். ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். வயிற்றுக்குத்து என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். நான் கையைத் தூக்கி, "இவருக்கு நீந்தத் தெரியாது" என்று கத்தியிருக்கலாம். அது என் வேலை. பதினைந்து வருடத்துக்கு மேல் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். எல்லோருக்கும் முன்னால் என் பொய்யும் அல்லவா வெளியே வரும் என்று ஒரு கணம் வாய் கட்டிக்கொண்டது.

அவர் உதவி கேட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். அவரிடம் பத்திரம் இருந்தது. அது எப்படி வந்தது என்பதை அவர் மறந்தே விட்டார். கொப்பியில் எழுதி வைத்திருந்தபடியே, ஒரு கையால் முகக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

மேலே வந்து ஐந்து ஆறு வீச்சு நீந்தினார். நல்ல வீச்சுத்தான், நான் பழக்கினது. பிறகு கீழே பார்த்திருக்கிறார். எங்கள் குளத்தில் கீழே பார்த்தால் தரை ஓடுகளும் கறுப்புக் கோடும் தெரியும். அங்கே நீலம் போய்க்கொண்டே இருந்தது. அவருடைய உடம்பு நிமிர்ந்து நின்றது. அங்கே இல்லாத ஒரு ஏணியில் கைகள் ஏறின. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. தாழ்கிறவர்கள் கத்தமாட்டார்கள், அதற்கு அவர்களிடம் மூச்சு இருக்காது. இளம் லீவ்ரெடர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படகில் நின்றவர்கள் அவர் கை காட்டுகிறார் என்று நினைத்தார்கள். "குணம் அண்ணை, இஞ்சாலை ஒருக்காப் பாருங்கோ!" என்று ஒருவர் படம் எடுத்தார்.

நான் குதித்தேன். நான் போய்ச் சேர முதல் அவர் பக்கத்தில் மிதந்த புஸ்பமக்காவை எட்டிப் பிடித்துவிட்டார். பிடித்து அவர்மேல் ஏறினார். எங்கள் தொழிலில் ஒரு சாவு இரண்டாகிற இடம் அது. ஆனால் மஞ்சள் அங்கி இரண்டு பேரையும் தாங்கியது. அக்கா ஒருமுறை தாழ்ந்து மேலே வந்தார், துப்பினார், நான் பழக்கியபடி பிடரியைத் தண்ணீரில் சாய்த்தார்.

"மல்லாக்கப் படுங்கோ," என்றார் கணவரிடம். "காலைத் தூக்குங்கோ. வாயை மூடுங்கோ."

மூன்றாவதை அவர் முப்பத்தெட்டு வருடத் திருமண வாழ்க்கையில் சொன்னதில்லை. அத்தான் மூடினார்.

நான் பின்னால் போய்த் தாடையைத் தாங்கிப் பிடித்தேன். படகின் ஊழியப் பெண் மிதவை வளையத்தோடு வந்தாள். படகில் ஏற்றினோம். அத்தான் வலையில் கிடந்து கடல் தண்ணீரைச் சத்தி எடுத்தார். கப்டன் பட்டியலோடு வைத்திருந்த பத்திரப் பிரதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உங்கடை கையெழுத்தா, மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் பட்டியலில் ஒரு கோடு கீறினார். ஒரு மஞ்சள் அங்கியை எடுத்து, படுத்துக் கிடந்த அத்தானுக்குத் தன் கையாலேயே போட்டு வாரை இறுக்கினார். திரும்பி வரும் வழி முழுக்க நான் வலையில் இருந்து அழுதேன். பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. என் கணவர் பக்கத்தில் வந்து இருந்து, "நான் அண்டைக்கு டீவியை நிப்பாட்டியிருக்க வேணும்," என்றார்.

அன்று பின்னேரமே படம் எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. நீலக்கடல், நடுவில் மஞ்சள் அங்கியில் புஸ்பமக்கா, அவரை இறுகக் கட்டிப்பிடித்தபடி குணம் அத்தான். ஹ்விடோவ்ரேயிலிருந்து இருதயப் படங்களாக வந்து குவிந்தன. இந்த வயதிலும் இவ்வளவு அன்பா என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அத்தான் அதற்கு நன்றி சொல்லிப் பதில் போட்டார்.

5. திறப்பு

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் கிர்ஸ்டனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும், லீவ்ரெடர் பத்திரமும் போகும் என்று தெரிந்துதான் போனேன். அவள் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். டேனிஷ்காரர் கோபித்தால் சத்தம் ஏறாது, குறையும்.

"அந்த ஆள் எங்கள் மண்டபத்தின் பெயரோடு செத்திருப்பார்," என்றாள் கடைசியில்.

"ஓம்."

"அந்தப் பத்திரம் இப்போது எங்கே?"

"அவருடைய வரவேற்பறையில். சட்டம் போட்டு."

அவள் கையை நீட்டினாள். "முத்திரை லாச்சியின் திறப்பைத் தா. அந்த மனிதர் என் கண்ணுக்கு முன்னால் இருநூறு மீற்றர் நீந்துகிற நாளில் திருப்பித் தருகிறேன். அதுவரை நீ எதிலும் கையெழுத்துப் போட முடியாது. நீந்தாவிட்டால் நான் மேலே எழுதி அறிவிப்பேன்."

என் வேலை இப்போது குணம் அத்தானின் காலிலும் கையிலும் தொங்கியது. நான் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"எனக்கென்ன விசரே?" என்றார் அத்தான். "பத்திரம் எடுத்த ஆள் திரும்பப் போய் முதலாம் வகுப்பிலை இருக்கிறதே? சனம் என்ன கதைக்கும்?"

புஸ்பமக்கா குசினிக்குள்ளிருந்து வந்தார். கையில் துடைக்கிற சீலை. "இஞ்சாருங்கோ. நீங்கள் போகாட்டி, அந்தப் படத்தின்ரை உண்மைக் கதையை நான் கோயில் மண்டபத்திலை சொல்லுவன். ஆர் ஆருக்கு மேலை ஏறினது எண்டும் சொல்லுவன்," என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த புதன் காலை ஆறரைக்கு அத்தான் வந்தார். தமிழர் ஒருவரும் வராத நேரமாகப் பார்த்துக் கேட்டிருந்தார். அந்த நேரத்தில் டேனிஷ் ஓய்வூதியக்காரர்தான் வருவார்கள். அவர்களோடு வரிசையில் நின்று, திரையும் கூட்டமும் இல்லாமல், ஐந்து நிமிடத்தில் குளித்துவிட்டு வெளியே வந்தார். கொப்பியைக் காணவில்லை.

ஆழமான பக்கத்துக்கு வரவே இரண்டு மாதம் எடுத்தது. கீழே பார்த்தால் உடனே சுவருக்குத் திரும்பிவிடுவார். "வதனி, அந்த நீலம் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள்ளை வருது," என்று ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் பயத்தைப் பற்றி உண்மையாகக் கதைத்து நான் கேட்டது அன்றுதான் முதல் தரம். அதன் பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் குறைந்தது. கோடைக்குள் ஐம்பது மீற்றர், இலை கொட்டத் தொடங்க நூற்றிருபத்தைந்து. ஓய்வூதியக்காரர் அவர் பெயரைக் கூப்பிடப் பழகினார்கள். ஒரு கிழவர் அவருக்கு மூக்கடைப்பான் பரிசு கொடுத்தார்.

நவம்பரில் ஒரு புதன். கிர்ஸ்டன் கரையில் நின்று நீளங்களை உரத்து எண்ணினாள். ஐந்து, ஆறு. ஏழாவதில் அவர் மல்லாக்கத் திரும்பி, காதைத் தண்ணீரில் விட்டு, கொஞ்ச நேரம் மிதந்தார். அதை நான் அவருக்குப் பழக்கவில்லை. கரையில் துவாயோடு நின்ற புஸ்பமக்காவைப் பார்த்தேன். அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான் திரும்பவும் குப்புறப் புரண்டு நீந்தினார். எட்டாவதில் சுவரைத் தொட்டார். கிர்ஸ்டன் சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்து என் கையில் வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அத்தான் மூச்சு வாங்கியபடி மேலே ஏறி வந்து, "இப்ப போட்டுத் தாரும்," என்றார்.

"உங்களிட்டை ஏற்கெனவே இருக்குத்தானே, அத்தான்?" என்றேன். கொஞ்சம் குத்தவேண்டும் போல இருந்தது.

அவர் துவாயைப் போர்த்துக்கொண்டு தன் பையைத் திறந்தார். உள்ளே அந்தக் கண்ணாடிச் சட்டம். சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"இது என்ரை இல்லை வதனி," என்று என்னிடம் நீட்டினார். "நீந்தின ஆளுக்கு ஒண்டு தாரும்."

லாச்சியைத் திறந்தேன். முத்திரை குத்தினேன். பேனையைக் கையில் எடுத்ததும் அவர் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "உதிலை குளம் எண்ட இடத்திலை கடல் எண்டு போட ஏலாதோ?" என்று கேட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். பொம்மையைத் தூக்கப் பழகுங்கள், மூச்சடக்கப் பழகுங்கள். அவற்றோடு ஒரு சொல்லையும் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொள்ளுங்கள். ரோல்ஸ் வந்த அன்று நான் அதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் கடல் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள்.

"ஏலாது, அத்தான்," என்றேன்.